செட்டிநாட்டில் அந்துப்பூச்சி பார்க்கலாம்: பெயர் கண்டுபிடிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்துப்பூச்சி பக்கம் வருகிறவர்கள் குறைவு. பயமுறுத்துவது எண்ணிக்கைதான். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 1,300. அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை பழுப்பும் சாம்பலுமாக ஒன்றைப் போலவே ஒன்று தெரியும். படத்தோடு படம் ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிக்கும் வழி இங்கே செல்லாது. ஒரு முகவரியைத் தேடும்போது மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று இறங்கி வருகிறோமே, அதேபோல் முதலில் குடும்பம், அப்புறம் பேரினம், கடைசியில்தான் இனம். எந்தப் படியில் ஆதாரம் தீர்கிறதோ அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டும். இந்த ஒழுங்கு பிடிபட்டால் எண்ணிக்கை பயமுறுத்தாது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் சரி, காடு தேடிப் போக வேண்டாம். ஊரணிக்கரை, நிலக்கடலைக் கொல்லை, கருவேலம் நிற்கும் பொட்டல், வீட்டுப் பின்கட்டில் ஓர் அரளி, ஒரு முருங்கை. இவ்வளவு இருந்தால் ஒரு வருஷத்துக்குப் போதும்.

விளக்குக்கு முன்னால் சுவர்

பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவரில், சாம்பல் நிறத்தில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக ஒரு சிறு பொட்டலம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையும் குறுகி நடுவில் அகன்றிருக்கும். தூசி என்று துடைப்பத்தால் தட்டிவிடுவோம். அடுத்த முறை தட்டாமல் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு முனையிலிருந்து பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் வெளியே வரும். பொட்டலத்தை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நகரும். திரும்ப வேண்டுமானால் உள்ளுக்குள்ளேயே உடலைத் திருப்பி மறுமுனையில் தலையை நீட்டும். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு, டினெய்டே குடும்பம். மணலும் தூசியும் நூலும் சேர்த்துத் தானே செய்த கூடு அது. பழைய ஒட்டடையும் உதிர்ந்த முடியும் அதன் சாப்பாடு. ஒட்டடை அடிக்காமல் பூட்டிக் கிடக்கும் வளவுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை.

அடுத்து, விடியற்காலையில் தெருவிளக்கின் கீழ் உள்ள சுவர்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், பெட்ரோல் பங்க், கோயில் மதில் என்று இரவெல்லாம் வெளிச்சம் எரிந்த இடங்களில் காலை ஆறு மணிக்கு முன் போனால், இரவு வந்தவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். செலவில்லாத பயிற்சி. ஏழு மணிக்குப் போனால் மைனாவும் கரிச்சானும் முடித்திருக்கும், இறகுகள்தான் மிஞ்சும். அந்த இறகுகளையும் படமெடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தெரியாத பின்னிறகு அதில் முழுசாகத் தெரியும்.

பகலில் பறப்பவையும் உண்டு. கறுப்பு இறகில் ஒளி புகும் வெண்திட்டுகளும் வயிற்றில் மஞ்சள் பட்டைகளுமாகக் குளவி மாதிரி செடியில் உட்கார்ந்திருப்பது அமாட்டா. பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், கண்ணாடி இறகுகொண்ட தடித்த பச்சைப் பூச்சி செஃபனோடெஸ் ஹைலாஸ். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் இறகிலும் செதில் உண்டு. முதல் பறத்தலிலேயே உதிர்ந்துவிடும்.

வேட்டியும் விளக்கும்

வெள்ளை வேட்டி ஒன்று, கரை குறுகியதாக. முற்றத்துத் தூண்கள் இரண்டுக்கு நடுவிலோ பின்கட்டுக் கொடியிலோ மடிப்பில்லாமல் கட்டுங்கள். இன்னொரு வெள்ளைத் துணியைக் கீழே தரையில் விரியுங்கள். நிறைய அந்துப்பூச்சிகள் தரையில்தான் வந்து இறங்கும், விரிக்காவிட்டால் மிதிபடும்.

விளக்கு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டு எல்இடி பல்பில் புறஊதா ஒளி இல்லை என்றே சொல்லலாம். அதற்கு வருவது குறைவு. ஓட்டல்களில் ஈ பிடிக்க நீல வெளிச்சத்தில் எரியும் கருவி இருக்கிறது அல்லவா, அதற்குப் போடும் மாற்றுக் குழல்விளக்கு மின்சாதனக் கடைகளில் தனியாகக் கிடைக்கும். அது 365 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம், அந்துப்பூச்சிக்கு ஏற்றது. சாதாரணக் குழல்விளக்குச் சட்டத்தில் மாட்டி வேட்டிக்கு முன்னால் நிறுத்தினால் போதும், மின்கம்பி வலை தேவையில்லை. ஆனால் கிருமி கொல்லும் புறஊதாக் குழல் என்று தெளிந்த கண்ணாடியில் ஒன்று விற்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். 254 நானோமீட்டர், கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும். கடைக்காரரிடம் அலைநீளத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல குழலானாலும் நேராக வெறித்துப் பார்க்க வேண்டாம்.

அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவு சிறந்தது. முழுநிலவில் கூட்டம் குறையும். பொழுது சாய்ந்ததும் ஏற்றுங்கள். பருந்துப் பூச்சிகள் எனப்படும் ஸ்ஃபிங்கிடே குடும்பத்தில் பல, அந்தி மங்கும் நேரத்திலேயே சுறுசுறுப்பாகிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் வராது. எட்டு மணிக் கூட்டம் வேறு, பதினொரு மணிக் கூட்டம் வேறு. வருவதில் எல்லாமே அந்துப்பூச்சியும் அல்ல. அந்தியில் பறக்கும் மெலானிட்டிஸ் லீடா என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சி விளக்குக்கும் வரும். உணர்கொம்பின் நுனி குமிழாகத் தடித்திருந்தால் அது வண்ணத்துப்பூச்சி.

ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். நிலவென்று நினைத்து ஏமாறுகிறது என்பது பழைய விளக்கம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு வேகமான கேமராக்களை வைத்துப் பார்த்துச் சொன்னது இது: பறக்கும் பூச்சி எப்போதும் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். இயற்கையில் வெளிச்சம் என்றால் மேலே உள்ள வானம். அதனால் நேராகப் பறக்க அது உதவியது. பக்கத்தில் ஒரு விளக்கு இருந்தால் அதன் பக்கமே முதுகைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றிக்கொண்டே கிடக்கும். தப்பிக்க வழி தெரியாத பிராணியைத்தான் நாம் பார்க்கிறோம் என்பதால், நள்ளிரவு வாக்கில் விளக்கை அணைத்துவிட்டு வேட்டியை மெதுவாக உதறிவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால் பல்லிக்கும் பறவைக்கும் விருந்து வைத்ததாகும்.

விளக்குக்கு வராதவைக்கு அழுகிய வாழைப்பழமும் வெல்லமும் பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டு மரத்தண்டில் ஆளுயரத்தில் தடவலாம். ஆந்தைக் கண் போன்ற பெரிய வட்டம் போட்ட எரிபஸ் இப்படித்தான் வரும்.

கையில் டார்ச், காலில் செருப்பல்ல, மூடிய காலணி. பொட்டல் நிலத்தில் சுருட்டையும் கட்டுவிரியனும் இரவில் நடமாடும். நீங்கள் சுவரைப் பார்த்தபடி பின்னால் நகர்கிறவர் என்பதை மறக்க வேண்டாம். ஈரத் தரையில் மின்கம்பி இணைப்பு விடாதீர்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் விளக்கு வைக்கக் கூடாது.

படம்: பெயர் சொல்வது இதுதான்

ஒரே கோணத்தில் பத்துப் படம் எடுப்பதைவிட நான்கு கோணத்தில் நான்கு படம் மேல். நேர் மேலிருந்து, இறகு முழுதும் தெளிவாக. பக்கவாட்டில், உட்காரும் நிலை தெரியும்படி. முகத்துக்கு நேராக, உணர்கொம்பும் வாயின் முன்னால் நீளும் உணரிகளும் தெரிய. முடிந்தால் பின்னிறகு. கைபேசி போதும், ஆனால் ஃப்ளாஷ் வேண்டாம். செதிலில் பட்டுப் பளபளத்து நிறத்தையே மாற்றிவிடும். ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் எடுப்பது நல்லது.

அளவு அவசியம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் இறங்கிய பூச்சியென்றால் கல்லின் ஒரு பூவிதழை அளந்து வைத்துக்கொண்டால் ஸ்கேலே வேண்டாம், ஆனால் அந்தப் பூவேலைப்பாட்டுக்கு நடுவில் இறகின் கோடுகள் தொலைந்துபோகும். ஒரு வெள்ளைத் தாளில் ஏற்றி எடுப்பது உத்தமம். தேதி, நேரம், ஊர், விளக்கில் வந்ததா செடியில் இருந்ததா, எந்தச் செடி என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

உட்காரும் விதத்திலிருந்து குடும்பம்

நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பத்தடி தூரத்திலிருந்தே பாதி வேலை முடியும்.

நான்கு இறகையும் விரித்துச் சுவரோடு ஒட்டி, வயிறு மெலிந்து, முன்னிறகில் ஓடும் கோடு பின்னிறகிலும் தொடர்ந்தால் அநேகமாக ஜியோமெட்ரிடே. இவற்றின் புழுவுக்கு வயிற்றுப் பகுதியில் இரண்டு ஜோடிப் போலிக்கால்கள்தான். அதனால் உடலை வளைத்து வளைத்து அளந்தபடி நடக்கும். இறகைப் பின்னோக்கிச் சாய்த்து, உடல் நடுவில் தடித்து நுனியில் கூர்மையாகி, பறக்கத் தயாரான விமானத்தின் வடிவில் இருந்தால் ஸ்ஃபிங்கிடே. இந்தக் குடும்பத்தில் தொடங்குவதே நல்லது: உருவம் பெரிது, இனங்கள் குறைவு, புழுவின் வாலில் ஒரு கொம்பு இருக்கும்.

மெல்லிய முக்கோணமாக உட்கார்ந்து, நீண்ட கால்களில் சற்று நிமிர்ந்து, உணர்கொம்பை முதுகின் மேல் பின்னுக்கு மடக்கியிருந்தால் கிராம்பிடே. வயலோரத்தில் விளக்கு வைத்தால் இவைதான் கூட்டமாக வரும். நெல்லின் தண்டு துளைப்பான் இந்தக் குடும்பம்; பெண் பூச்சி மஞ்சள், ஒவ்வொரு முன்னிறகிலும் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. பாகல், பீர்க்கு, வெள்ளரிக் கொடியில் வரும் டயாஃபேனியா இண்டிகாவும் இதே குடும்பம்: நடுவில் முத்து வெள்ளை, சுற்றிலும் அடர் பழுப்புக் கரை, வயிற்று நுனியில் ஒரு குஞ்சம்.

இறகைக் கூரைபோல் சாய்த்து மூடி, முன்னிறகின் நடுவில் ஒரு வட்டப் புள்ளியும் அதன் பக்கத்தில் சிறுநீரக வடிவில் ஒரு புள்ளியும் இருந்தால் நாக்டுயிடே என்று யோசிக்கலாம். பயிர்களின் படைப்புழு, காய்ப்புழு, வெட்டுப்புழு எல்லாம் இங்கேதான். முன்கால்களை நேராக முன்னே நீட்டி, கால் முழுதும் ரோமமாக இருந்தால் லைமான்ட்ரினே. அதைக் கையால் தொடாதீர்கள். ரோமம் பட்ட இடம் அரிக்கும். இறகைக் குச்சியாகச் சுருட்டி உடலுக்குக் குறுக்கே நீட்டி, ஆங்கில T எழுத்தைப் போல் தெரிந்தால் டெரோஃபோரிடே. முதல் நாளே பிடிபடும் குடும்பம் இது ஒன்றுதான்.

எரிபிடே பற்றி ஓர் எச்சரிக்கை. இதற்கு ஒற்றை உட்கார்நிலை கிடையாது. கையகலப் பூச்சியும் உண்டு, நகத்தளவு பூச்சியும் உண்டு. மேலே சொன்ன எதிலும் அடங்காமல், பெரிதாக, தட்டையாக இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். பழைய நூல்களில் ஆர்க்டிடே, லைமான்ட்ரிடே என்று தனிக் குடும்பமாகப் பார்ப்பீர்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவை எரிபிடேக்குள் துணைக்குடும்பங்களாக வந்துவிட்டன. நூலும் இணையமும் வேறு வேறு சொன்னால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே பூச்சியைத்தான் சொல்கின்றன.

பின்னிறகில் இருக்கிறது விடை

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். மாதுளையோ கொய்யாவோ பழுக்கும் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு மரத்தடிக்குப் போங்கள். பழத்தின் மேல் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருக்கும். நடுநரம்பு, கிளைநரம்பு, பூஞ்சைக்கறை எல்லாம் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் இலையின் அடியில் இரண்டு கண்கள் டார்ச் ஒளியில் செம்மஞ்சளாக மின்னும். அதன் உறிஞ்சுகுழல் மற்ற பூச்சிகளுடையதைப் போல் மென்மையானது அல்ல. நுனியில் முட்கள் உள்ள துளைகருவி, பழத்தோலைக் குத்தி உள்ளே போகும். மறுநாள் அந்தத் துளையைச் சுற்றி அழுகத் தொடங்கும். பழத்தோட்டக்காரர்களின் எதிரி இது.

இதுவரை தெரிந்தது: பெரியது, இலை வேஷம், பழம் குத்துவது. எரிபிடே, அதில் யூடோசிமா பேரினம் என்று வரலாம். இனம் வேண்டுமானால் பின்னிறகு வேண்டும். ஒரு புல்தண்டால் முன்னிறகின் ஓரத்தை மெதுவாகத் தொடுங்கள். சட்டென்று முன்னிறகை விலக்கி, உள்ளே இருக்கும் ஆரஞ்சுப் பின்னிறகைக் காட்டும். எதிரியை மிரட்டும் உத்தி அது. ஓரிரு நொடிதான், கேமரா தயாராக இருக்க வேண்டும். ஆரஞ்சின் நடுவில் கறுப்பு வட்டமாக இருந்தால் யூடோசிமா மெட்டர்னா. வட்டமாக இல்லாமல் அரைப்பிறையாக வளைந்திருந்தால் யூடோசிமா ஃபலோனியா அல்லது அதன் நெருங்கிய உறவான ஹோமீனா. படம் தெளிவில்லையென்றால் யூடோசிமா என்று மட்டும் எழுதி நிறுத்துங்கள். பின்னிறகே படத்தில் விழவில்லையென்றாலும் அப்படித்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தப் பூச்சிகளின் புழு பழத்தில் வளராது. சீந்தில் கொடியிலும் அதன் குடும்பக் கொடிகளிலும்தான் வளரும். உடலின் முன்பகுதியில் பக்கத்துக்கு இரண்டு போலிக் கண்கள் இருக்கும். வேலியில் சீந்தில் இருந்தால் பழமரத்துக்குப் போக வேண்டியதே இல்லை.

பின்னிறகின் அருமைக்கு இன்னொரு சாட்சி, எள்ளுக் கொல்லையிலும் கத்தரியிலும் பெரிய கொம்புப் புழுவாக வளரும் அக்கெரான்டியா. முதுகில் மண்டையோடு போல ஒரு குறி, கையில் எடுத்தால் கீச்சென்று சத்தம், தேனீக் கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும் பழக்கம். படம் போட்டால் உடனே யாராவது அக்கெரான்டியா அட்ரோபாஸ் என்று எழுதுவார்கள். அது ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் சார்ந்த இனம். நம் ஊரில் யோசிக்க வேண்டியவை ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் இரண்டும்தான். பின்னிறகின் அடிப்பகுதி மஞ்சளாக, குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டைகள் என்றால் ஸ்டிக்ஸ். அடிப்பகுதியே கறுத்திருந்தால் லாக்கெசிஸ்.

செடியைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால், அந்துப்பூச்சி படிக்க நினைப்பவர் முதல் மூன்று மாதம் செடிகளைப் படிக்கலாம். பறக்கும் பூச்சி எங்கிருந்தோ வந்திருக்கும். புழு அது தின்னும் செடியில்தான் இருக்கும். செடியின் பெயர் தெரிந்தால் தேட வேண்டிய பட்டியல் ஆயிரத்திலிருந்து கைவிரலுக்கு வந்துவிடும்.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் பெரிய பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீல வெள்ளையில் இரண்டு கண் வட்டங்கள் என்றால் டாஃப்னிஸ் நெரியை. பூச்சியாகும்போது பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து பட்டாளச் சீருடை நிறத்தில் வரும். ஆமணக்கில் வளைந்து நடக்கும் காவடிப்புழு அக்கேயா ஜனாட்டா. பூச்சியின் பின்னிறகு கறுப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை, ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள். முருங்கைத் தண்டில் பகலில் கும்பலாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியைத் தெரியாதவர் இருக்க முடியாது. அது யூப்டெரோட்டி மாலிஃபெரா. பந்தம் கட்டிக் கொளுத்துவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செங்காந்தளிலும் தோட்டத்து லில்லியிலும் வருவது பாலிடெலா குளோரியோசே. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக, இந்தக் கட்டுரையில் வரும் எதையும்விட அழகு. சர்க்கரைவள்ளியில் அக்ரியஸ் கன்வால்வுலி. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த யூடிதீசா; பேரினம் உறுதி, இனம் சொல்வது கஷ்டம்.

புழுவை வளர்த்துப் பார்ப்பது மிகச் சிறந்த வழி. வாய் அகன்ற பாட்டில், மேலே கொசுவலைத் துணி, தினமும் அதே செடியின் புது இலை, எச்சத்தைத் தினமும் தட்டிவிடுவது. வேறு இலை கொடுத்தால் பல புழுக்கள் தின்னாமல் செத்துவிடும். பருந்துப் பூச்சிப் புழுக்கள் மண்ணுக்குள் அல்லது சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகும். தின்பதை நிறுத்தி நிறம் மங்கி ஓடத் தொடங்கினால் பாட்டிலில் நான்கு விரல் உயரத்துக்கு லேசான ஈரமண் போடுங்கள். பூச்சி வெளியே வந்ததும் இறகை விரிக்கத் தொங்க வேண்டும், அதனால் உள்ளே ஒரு குச்சி நிற்கட்டும். சில நேரம் பூச்சிக்குப் பதில் சிறு குளவியோ ஈயோ வெளியே வரும். ஒட்டுண்ணி அது, புழுவுக்குள் முட்டையிட்டுப் போனது. அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியைவிட அந்தப் பதிவு ஆய்வாளர்களுக்குப் பயன்படலாம்.

ரோமமுள்ள புழுவையும், இலையின் அடியில் நத்தை மாதிரி ஒட்டியிருக்கும் முள்ளுப் புழுவையும் விரலால் தொடாதீர்கள். இலையோடு கிள்ளி எடுங்கள்.

பெயர் எழுதும் முறை

இரண்டு சொற்கள்: முதலில் பேரினம், பின்பு இனம். அதற்குப் பின்னால் விவரித்தவர் பெயரும் ஆண்டும். வெட்டுப்புழுவின் பூச்சியான ஸ்போடாப்டிரா லிடூராவுக்குப் பின் ஃபேப்ரிசியஸ், 1775 என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. அவர் முதலில் வேறு பேரினத்தில், நாக்டுவா என்பதில், வைத்தார். பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்று பொருள். மாறவே இல்லையென்றால் அடைப்புக்குறி இராது.

இந்த ஃபேப்ரிசியஸ், இரண்டு சொல் பெயர்முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடியில் 1768-லிருந்து மருத்துவராக இருந்த கோனிக்கும் லின்னேயஸின் மாணவர்தான்; அவர் இங்கிருந்து அனுப்பிய பூச்சிகள் பல ஃபேப்ரிசியஸின் கையில் பெயர் பெற்றன. அதற்கு நூறாண்டுக்குப் பின் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஹாம்ப்சன், அந்துப்பூச்சி பிடிக்கத் தொடங்கி, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுவது அவற்றைத்தான். பெயர்களில் பல மாறிவிட்டன, விவரணைகள் அப்படியே நிற்கின்றன.

செயலி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தை ஏற்றினால் உடனே ஒரு பெயர் வரும். அது விடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கம் சாயும் பழக்கம் அதற்கு உண்டு. தமிழ்நாட்டுப் பழுப்புப் பூச்சிக்கு அமெரிக்காவில் மட்டும் இருக்கும் பெயரைத் தயங்காமல் சொல்லும். முதல் வேலை, அந்த இனம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தில் பார்ப்பது. இரண்டாவது, அதே பேரினத்தில் இங்கே வேறு என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பது. ஒன்றே ஒன்றுதான் என்றால் துணிந்து எழுதலாம். நான்கு இருந்தால், நான்கையும் பிரிக்கும் அடையாளம் உங்கள் படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திவிடலாம். ‘இனம் தெரியவில்லை’ என்று எழுதிய நல்ல பதிவு, தவறான பெயர் எழுதிய பதிவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சிலவற்றைப் படத்தால் பிரிக்கவே முடியாது. ஸ்போடாப்டிரா லிடூராவும் ஆப்பிரிக்காவின் ஸ்போடாப்டிரா லிட்டோராலிஸும் வெளித்தோற்றத்தில் ஒன்று. வயிற்று நுனியின் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நல்லவேளை, நம் ஊரில் இருப்பது முன்னது மட்டுமே, இடமே விடை சொல்லிவிடுகிறது. மாறாக 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவான ஸ்போடாப்டிரா ஃபுருகிபெர்டா இன்று நம் வயல்களிலும் இருக்கிறது. ஆண் பூச்சியின் முன்னிறகு நுனியில் வெள்ளைத் திட்டு இருப்பதால் அதைக் கண்ணாலேயே பிரிக்கலாம். உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் வேலை புதியவருக்குத் தேவையில்லை. அதற்காகக் கொன்று குவிக்கவும் வேண்டாம். அது பயிற்சி பெற்ற ஆய்வாளர்களின் வேலை.

எந்த மாதம் எதற்கு

கோடை மழை முதல் முறை நன்றாக நனைத்த ஓரிரு நாளில் விளக்கு வையுங்கள். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் காத்திருந்தவை ஒன்றாகக் கிளம்பும். நிலக்கடலைக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிகள் அப்போதுதான் வரும். விவசாயிகள் விளக்குப் பொறி வைப்பதும் அதற்காகத்தான். ஜூலை கடைசியில் 2012 முதல் உலக அளவில் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. கலந்துகொள்ளலாம், ஆனால் நமக்கு அது ஆடிக்காற்றுக் காலம், வேட்டி நிற்காது. மதில் மறைவில் சின்னத் துணியாகக் கட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகைதான் நம் காலம். மழை விட்ட இடைவெளியில், செடியெல்லாம் துளிர்த்து நிற்கும்போது புழுவும் பூச்சியுமாகப் பெருகும். பகலில் செடி, இரவில் விளக்கு என்று இரண்டு பக்கமும் பாருங்கள். மார்கழிப் பனியில் வருகை சுருங்கிவிடும். அந்த மாதத்தில் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, பெயர் எழுதாமல் விட்ட படங்களை எடுத்து உட்காருங்கள்; பேரினத்தோடு நின்றதில் சிலவற்றுக்கு, இதற்குள் நீங்கள் பழகிய கண்ணால் இனம் கிடைக்கும்.